தர ஆவணத்திலிருந்து வகுப்பறைக்கு
(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)





நமது சங்கம் தொடங்கிய நாள் முதல் கல்விக்கென்று ஒரு குழு இருந்து வருகிறது. பல ஆண்டுகளாக அக்குழுவின் பெரிய நிகழ்ச்சி பரிசளிப்பு விழாதான். யுபிஎஸ்ஆர் தேர்வில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளை மேடையேற்றி மாலையும் பணமுடிப்பும் தந்தோம். அக்காலத்தில் அது பல குடும்பங்களுக்கு ஊக்கமாக அமைந்தது.

1988ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த அத்தேர்வு, 2019இல் கடைசியாக நடைபெற்று, 2021இல் அதிகாரப்பூர்வமாக நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே பிடி3 தேர்வும் நிறுத்தப்பட்டது. இன்று நம் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்பதைப் பெரும்பாலும் அவனுடைய வகுப்பாசிரியரே மதிப்பிட்டுச் சொல்கிறார். ஆகவே பரிசளிப்பதைக் காட்டிலும், அந்த ஆசிரியருக்குத் துணை நிற்பது நம் கடமையாகிவிட்டது. இன்று நாம் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

நாட்டிலுள்ள தொடக்கப்பள்ளிகளில் 2011 முதல் கேஎஸ்எஸ்ஆர் கலைத்திட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் சீரமைக்கப்பட்ட வடிவம் 2017இல் வந்தது. ஒவ்வொரு பாடத்திற்கும் கல்வி அமைச்சு ஒரு தர ஆவணம் வெளியிட்டுள்ளது. எதைக் கற்பிக்க வேண்டும் என்பது உள்ளடக்கத் தரம். மாணவன் எதைச் செய்ய வேண்டும் என்பது கற்றல் தரம். எவ்வளவு நன்றாகச் செய்கிறான் என்பதை 1 முதல் 6 வரையிலான அடைவு நிலைகள் காட்டுகின்றன.

அந்த ஆறு நிலைகளையும் எளிமையாக இப்படிச் சொல்லலாம். 1 என்றால் அடிப்படையை அறிந்திருக்கிறான்; 2 என்றால் புரிந்துகொண்டிருக்கிறான்; 3 என்றால் கற்றதைக் கொண்டு செய்கிறான்; 4 என்றால் முறைப்படி ஒழுங்காகச் செய்கிறான்; 5 என்றால் புதிய சூழலிலும் பிசகாமல் செய்கிறான்; 6 என்றால் பிறர் பின்பற்றத்தக்க வகையில் தானே புதுமையாகச் செய்கிறான். 3ஆம் நிலைதான் குறைந்தபட்ச அடைவு. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கூடுதல் துணை வேண்டும்.

பினாங்கிலும் ஜொகூரிலும் இந்த ஆவணம் ஒன்றே. ஆனால் அதைப் படிக்கும் ஆசிரியர்கள் பலர். ஒருவர் 3 என்று காண்பதை இன்னொருவர் 4 என்று காணலாம். யாருடைய நேர்மையையும் நாம் ஐயுறவில்லை. எழுத்தில் உள்ள தரத்தை ஒரு பிள்ளையின் வேலையில் அடையாளம் காண்பதற்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் தனியே இருந்து வருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவி நான்கு கட்டங்களில் இரண்டுக்கு வண்ணம் தீட்டி, 2/4 = 1/2 என்று எழுதியிருக்கிறாள். விடை சரிதான். இது 3ஆம் நிலையா, 5ஆம் நிலையா? அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. "ஒரு முர்தபாவை எட்டுத் துண்டாக வெட்டினால் பாதிக்கு எத்தனை துண்டு? ஆறாக வெட்டினால்? எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்க வேண்டும். காரணத்தோடு சொல்லிவிட்டால் அவள் புதிய சூழலிலும் செய்கிறாள் என்று அறியலாம். திகைத்து நின்றால், அவள் பயிற்சிப் புத்தகத்தின் வடிவத்தை மட்டும் மனத்தில் வைத்திருக்கிறாள் என்பது தெரியும். அடுத்த பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இதில் பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுவது யார்? 2ஆம் நிலையிலுள்ள பிள்ளைக்கு 3 என்று எழுதப்பட்டால், அவனுக்குக் கிடைக்க வேண்டிய துணை கிடைக்காமல் போகும். படிவம் ஒன்றுக்குச் சென்று, புத்தகத்தைச் சரளமாக வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பான். வசதியுள்ள வீட்டில் டியூஷன் ஆசிரியராவது எச்சரிப்பார். உணவகத்தில் நள்ளிரவு வரை வேலை பார்த்துவிட்டு வரும் அத்தாவுக்குப் பள்ளி தரும் அந்த ஓர் எண்தான் செய்தி. அந்த எண் உண்மையைச் சொல்ல வேண்டும்.

இதற்கு நாம் செய்யக்கூடியவை சில உள்ளன.

முதலாவது, ஆசிரியர்கள் கூடிப் பேச இடமும் நேரமும் தருவது. நமது மண்டபம் வார நாள் மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. அங்கே மாதம் ஒருமுறை, ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பெயர் மறைத்த ஐந்து பயிற்சித் தாள்களைக் கொண்டு வரட்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே நிலையை எழுதட்டும். எண்கள் வேறுபடும் தாளை எடுத்து, "ஆவணத்தின் எந்த வரியை இந்தத் தாளில் காண்கிறீர்கள்?" என்று ஒருவரையொருவர் கேட்கட்டும். தவணைக்கு ஒரு கற்றல் தரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். கூட்டக் குறிப்பு, அறிக்கை என்று அவர்கள்மீது இன்னொரு சுமையை ஏற்றலாகாது. தேநீரும் பசியாறலும் நம் பொறுப்பு.

இரண்டாவது, நமது வார இறுதி வகுப்புகளில் கற்பிக்கும் இளைஞர்கள். இவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். பழைய தேர்வுத் தாள்களைச் செய்யவைப்பதோடு நின்றுவிடாமல், தர ஆவணத்தை இவர்களும் படிக்க வேண்டும். பள்ளி ஒன்றைக் கேட்க, நாம் வேறொன்றைப் பயிற்றுவித்தால் குழம்புவது பிள்ளைதான்.

மூன்றாவது, பெற்றோர்களாகிய நாம். பள்ளியில் ஆசிரியரைச் சந்திக்கும்போது "எத்தனாம் நிலை?" என்பதோடு எழுந்து வந்துவிட வேண்டாம். "என் பிள்ளை எதைத் தானாகச் செய்கிறான்? எதில் தடுமாறுகிறான்? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?" என்று பணிவோடு கேட்போம். அப்படிக் கேட்கும் பெற்றோருக்குச் சொல்வதற்காகவே ஆசிரியரும் கூர்ந்து பார்ப்பார்.

நான்காவதாக ஒரு விண்ணப்பம். பரிசளிப்பு நிதியில் ஒரு பகுதியை, 3ஆம் நிலையை எட்டாத பிள்ளைகளின் வாசிப்பு வகுப்புக்கு ஒதுக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். மேடையேறும் பிள்ளையை நாம் என்றும் பாராட்டுவோம். மேடைக்கு வர வழியில்லாத பிள்ளையும் நம் ஜமாஅத்தின் பிள்ளைதான்.

1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய வகுப்பிலிருந்து இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வரலாற்றைக் கணக்கிடுகிறோம். இருநூறு ஆண்டுகளாக அதைத் தாங்கி வந்தவர்கள் வகுப்பறையில் நின்ற ஆசிரியர்கள். அவர்களுக்கு ஒரு மண்டபத்தையும் மாதத்தில் ஒரு மாலையையும் தருவது நமக்குப் பெரிய செலவல்ல. வரும் பள்ளித் தவணையிலேயே முதல் கூட்டத்தைத் தொடங்க ஒத்துழைப்புத் தாருங்கள் எனக் கேட்டு அமர்கிறோம்.

வல்ல இறைவன் நம் முயற்சிகளை ஏற்று அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.