காய்கறிக்கு மாசம் எவ்வளவு ஒதுக்கலாம்?

போன மாசம் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எல்லையைத் தொட்டுடுச்சுன்னு டாக்டர் சொன்னார். பயத்துல அன்னைக்கே ஓட்ஸ், கினோவா, ஆலிவ் எண்ணெய்னு 2,300 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். அப்புறம்தான் மளிகை நோட்டைப் புரட்டினேன். காய்கறி, பழத்துக்கு மாசம் முழுக்க வெறும் 900 ரூபாய்!

ஒருத்தருக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 400 கிராம் காய், பழம் வேணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு அதில் சேராது. நாங்க 4 பேர். அப்போ மாசம் 48 கிலோ. உழவர் சந்தையில் சராசரியா கிலோ 50 ரூபாய்னு வெச்சாலும் 2,400 ஆகுது.

கூடுதல் 1,500-க்கு எங்கே போறது? பிஸ்கெட், மிக்சர், கூல்டிரிங்ஸ் மட்டும் 1,100 இருந்தது. நிறுத்திட்டேன். மீதி 400-ஐ கைக்காசு போடறேன். மிக்சர் நின்னதுல வீட்டுக்காரருக்கு இன்னும் கோபம். கினோவா பாக்கெட்டை யாரும் பிரிக்கவே இல்லை.