இறங்கியவர் மறுபடி ஏறலாமா?

(நமது காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தீ பாதுகாப்பு பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். நான் கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம்.

போன மாதம் மீட்டர் அறையில் புகை வந்த இரவு நினைவிருக்கும். எல்லோரும் படியிறங்கி வாசலுக்கு வந்துவிட்டோம். ஒருவர் மட்டும் மறுபடி மாடியேறினார், பென்ஷன் ஃபைலையும் எஃப்.டி. ரசீதுகளையும் எடுக்க. அந்த ஆள் நான்தான். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவனுக்குக் காகிதத்தின் மேல் அவ்வளவு பாசம்! இரண்டாம் மாடியிலேயே மூச்சு முட்டியது. வாட்ச்மேன் தம்பிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

அதற்குப் பிறகுதான் 'திலாவா' கப்பலின் கதையைத் தேடிப் படித்தேன். 1942 நவம்பரில் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா புறப்பட்ட பயணிகள் கப்பல் அது. ஏறியிருந்தவர்கள் 958 பேர், பெரும்பாலும் இந்தியர்கள். 23-ஆம் தேதி அதிகாலை இருட்டில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. ஒரே நெரிசல், கூச்சல். முட்டி மோதிப் படகுகளில் இறங்கினார்கள். ஆனால் கப்பல் மூழ்கவில்லை, மிதந்துகொண்டே இருந்தது. நடுக்கடலில் சின்னப் படகைவிடப் பெரிய கப்பல் பத்திரம் என்றுதானே மனசு சொல்லும்? இறங்கியவர்களில் பலர் திரும்பி வந்து ஏறினார்கள். இரண்டாவது டார்பிடோ வந்தது. கப்பல் போய்விட்டது. இறந்தவர்கள் 280 பேர். மிச்சமிருந்தவர்களை இரண்டு நாள் கழித்து, 25-ஆம் தேதி, பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'பர்மிங்காம்' வந்து ஏற்றிக்கொண்டது.

அந்த யுத்த காலத்தில் மாலுமிகளுக்குச் சொல்லித் தந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். மிதவைச் சட்டையைத் தூங்கும்போதும் கைக்கெட்டும் இடத்தில் வை. உயரத்திலிருந்து குதித்தால் கால்களைச் சேர்த்துக்கொள், சட்டையைக் கையால் கீழே அழுத்திப் பிடி. இல்லாவிட்டால் தண்ணீரில் விழும் வேகத்தில் அந்தக் காலத்துத் தக்கைச் சட்டை மேலெழும்பித் தாடையில் இடித்துக் கழுத்தையே முறித்துவிடும். குதித்ததும் கப்பலை விட்டு விலகிப் போ. 1943-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதற்கென்று ஒரு கையேடே போட்டது. படகில் முதல் 24 மணி நேரம் தண்ணீர் குடிக்காதே என்கிறது அது. உடம்பில் ஏற்கெனவே நீர் இருக்கிறது, குடித்தாலும் சிறுநீராகத்தான் போகும், அதனால் மிச்சம் பிடி என்று கணக்கு. கடல்நீரைத் தொடவே கூடாது. அதிலுள்ள உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரைச் சிறுநீரகம் செலவழிக்கும். வரவைவிடச் செலவு கூடுதல். இது எனக்கு உடனே புரிந்துவிட்டது.

வங்கிக்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். திலாவாவில் தென்னாப்பிரிக்காவுக்கு நாணயம் அடிக்கப் போன வெள்ளிக் கட்டிகள் 2,364 இருந்தன. 2017-இல் அவற்றைக் கடலடியிலிருந்து எடுத்தார்கள். யாருக்கு என்ன பங்கு என்ற வழக்கு லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2024-இல்தான் முடிந்தது. வெள்ளி எழுபத்தைந்து வருடம் கடலுக்குள் கிடந்தும் கெட்டுப்போகவில்லை பாருங்கள். என் ரசீது எரிந்திருந்தால் வங்கியில் நகல் வாங்கியிருக்கலாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். படிக்கட்டுத் திருப்பங்களில் செருப்பு ஸ்டாண்டு, பழைய கட்டில், பேரனின் சைக்கிள் எல்லாம் நிற்கின்றன. பகலில் விலகிப் போய்விடுகிறோம். கரண்ட் போன ராத்திரி மூன்று மணிக்கு, முழங்கால் வலியோடு இறங்கும் மாமிக்கு அது முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள். லிஃப்டில் இறங்காதீர்கள். 101-க்கு யாராவது ஒருவர் கட்டாயம் போன் செய்யுங்கள், இன்னொருவர் செய்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். தீயணைப்புக்காரர் சொல்லும்வரை யாரும் மேலே போக வேண்டாம்.

என் ஃபைலின் நகல் ஒன்று இப்போது திருநகரில் மகள் வீட்டில் இருக்கிறது.