குகையும் அதன் அண்டை வீட்டாரும்

திருச்சிற்றம்பலம்.



நம் பெருமான் விரும்பி உறையும் இடங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கயிலை, காளத்தி, பருப்பதம், அண்ணாமலை என்று பெரும்பாலும் மலைகளாகவே இருக்கும். அவர் திருமேனியைப் பாருங்கள். அரையில் புலித்தோல், மேலே யானை உரி, கழுத்தில் நாகம், கரத்தில் மான். உலகம் எவற்றைக் கண்டு ஓடுகின்றதோ அவற்றையே அணியாகக் கொண்டவர் அவர். ஆகவே மலையில் அமைதி பெற்று வாழ்ந்தவர் என்று சைவ உலகம் யாரைச் சொன்னாலும், அவருக்கு அருகில் புலியும் பாம்பும் இருக்கவே செய்யும்.

இன்று அப்படி வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேச எண்ணுகின்றேன். திருவண்ணாமலை ரமண மகரிஷிகள். சித்தாந்த மேடையில் அவரைப் பற்றி என்ன பேச்சு என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் நினைக்கக்கூடும். கொள்கையளவில் நமக்கும் அவருக்கும் வேறுபாடு உண்டு. அதை வேறொரு நாள் பேசிக் கொள்ளலாம். மதுரையில் பள்ளிச் சிறுவராக இருந்தபோது அவர் நெஞ்சைத் தொட்ட முதல் நூல் நம்முடைய பெரியபுராணம் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்தால் போதும்.

1896 செப்டம்பர் முதல் நாள், 16 வயதுப் பிள்ளையாக அவர் அண்ணாமலை வந்து சேர்ந்தார். முதலில் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தில் இருந்தார். அங்கே பூச்சிகள் துடைகளை அரித்துச் சீழும் குருதியும் வழிந்தன, அவர் அறியவில்லை. பிறகு 1899 முதல் 1916 வரை மலைச் சரிவிலுள்ள விரூபாட்சக் குகை அவருக்கு வீடாயிற்று. அதற்குப் பின் 1922 வரை சற்று மேலேயுள்ள கந்தாச்சிரமம். அன்னையார் அழகம்மையாரும் அங்கே வந்து உடன் வாழ்ந்தார்.

அக்காலத்து அண்ணாமலையில் சிறுத்தைகள் இருந்தன. நாகங்கள் இருந்தன. குகைக்கு அருகில் தண்ணீர் குடிக்கச் சிறுத்தை வரும். அடியார்கள் நடுங்கித் தட்டையும் பாத்திரத்தையும் தட்டி ஓசை எழுப்புவார்கள். மகரிஷிகளோ, வரும்போது ஒரு முறை உறுமி, நான் வருகிறேன் என்று அது அறிவிக்கின்றது. குடித்துவிட்டுப் போகும்போது மற்றொரு முறை உறுமி, விடைபெறுகின்றது. இதற்கு ஏன் இத்தனை அச்சம் என்னும் கருத்துப்பட ஒரு நாள் அடியார்களிடம் விளக்கினார். பாம்பை அடிக்கவும் அவர் விடுவதில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் மிக எளிது: அவை இருக்கும் இடத்திற்கு நாமல்லவா வந்திருக்கிறோம்?

அன்பர்களே, இந்தச் சொல்லை நாம் நன்றாக மென்று பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றபின் மலையில் ஒரு வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கப் போகிறேன் என்று சொல்வோர் இக்காலத்தில் பலர். வீடு எழும்பும். சுற்றிலும் வேலி எழும்பும். ஒரு நாள் தேயிலைச் செடிகளுக்கு இடையே காட்டெருமை நிற்கும். மறு நாள் வாசலில் சிறுத்தையின் அடிச்சுவடு தெரியும். போயிற்று நிம்மதி! காட்டு விலங்கு ஊருக்குள் புகுந்துவிட்டது என்று முறையீடு. ஊர் எங்கே புகுந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. விருந்தாளி வீட்டுக்காரனை வெளியே போ என்று சொல்லும் வழக்கு நம் நாட்டில் வேறெங்கும் கண்டதுண்டா?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். அன்னையார் அருகே ஒரு நாகம் வந்துவிட்டது. அம்மையார் அஞ்சினார். மகரிஷிகள் எழுந்து அதை நோக்கி நடந்தார். அது திரும்பி இரண்டு பாறைகளுக்கு இடையே புகுந்தது, இவரும் பின்தொடர்ந்தார். அந்த வழியோ ஒரு பாறைச் சுவரில் போய் முடிந்தது. இனிப் போக இடமில்லை. நாகம் திரும்பிச் சுருண்டு அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். சில நிமிடங்கள் இருவரும் அப்படியே இருந்தனர். பின்னர் அது சுருள் அவிழ்த்து, அவருடைய திருவடிக்கு மிக அருகிலேயே ஊர்ந்து சென்றுவிட்டது.

இதை மேடைகளில் சொல்பவர்கள், நாகம் படத்தைத் தாழ்த்தி வணங்கிற்று என்று ஒட்டிச் சொல்வதைக் கேட்டிருக்கின்றேன். அந்த ஒட்டு வேண்டியதில்லை. சிக்கிக்கொண்ட பாம்பு, தனக்கு எதிரே நிற்பவரால் தீங்கில்லை என்று அறிந்தது, சென்றது. அது பாம்பாகவே வந்து பாம்பாகவே போயிற்று. அங்கே அடங்கியிருந்தது மனித அச்சம். பாம்பைப் பசுவாக்கிக் காட்டினால்தான் நமக்குப் பெருமை என்று நினைப்பது, மலையின் இயல்பையும் அறியாமை, ஞானியின் இயல்பையும் அறியாமை.

அப்படியானால் ஞானியை எதுவும் தீண்டாது என்று கொள்ளலாமா? கூடாது. ஒரு நாள் மலையில் அவர் நடந்து செல்கையில், புதரிலிருந்த குளவிக் கூட்டில் அவர் கால் பட்டுக் கூடு கலைந்தது. குளவிகள் சீறியெழுந்து, பட்ட அந்தக் காலையே மொய்த்துக் கொட்டின. அவர் ஓடவில்லை. கூட்டைக் கலைத்த கால்தானே இது, அது படட்டும் என்று அசையாமல் நின்றார். கால் வீங்கியது, வலித்தது. குளவி தன் தொழிலைச் செய்தது. அருளாளர் என்று அது விலக்கு அளிக்கவில்லை. பாறையிடுக்கில் நாகத்தின் முன் நின்ற அதே அமைதி குளவிக் கொட்டிலும் குறையவில்லை என்பதே அடியேன் உங்கள் முன் வைக்க விரும்புவது. ஆபத்து விலகியதால் வந்த அமைதியன்று அது.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. திருஞானசம்பந்தப் பெருமான் திருமறைக்காட்டில் அருளிய கோளறு பதிகத்தை நீங்கள் எல்லாரும் ஓதுகின்றீர்கள். அதில் புலி, யானை, பன்றி, நாகம், கரடி யாவும் அடியவர்க்கு நல்லனவே ஆகும் என வருகின்றது. ஆனால் ஒவ்வொரு பாடலிலும், இறைவன் என் உள்ளத்தே புகுந்தமையால் என்று காரணத்தை முதலில் நிறுத்தியிருக்கிறார் பிள்ளையார். அக்காரணத்தை விட்டுவிட்டுப் பதிகத்தைத் தாயத்துப் போல் கட்டிக்கொள்வது முறையன்று. 2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக் கடியால் மாண்டவர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். வயலில் வேலை செய்வோர். கடிபட்டவர் நெற்றியில் திருநீறு இடுங்கள்; இட்ட கையோடு வண்டி பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மந்திரிக்கிறேன் என்று ஒரு நாழிகை வீணாக்குபவன் பெருமானுக்கு வேண்டியவனல்லன். அந்த நஞ்சுமுறி மருந்தும் இறைவன் அருளாலேயே வருகின்றது. யார் வழியாக வருகின்றது தெரியுமா? முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர்கள், 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பாம்பைக் கொல்லாது நஞ்சை மட்டும் எடுத்து, மீண்டும் அதைக் காட்டிலே விடும் தொழிலை மேற்கொண்டார்கள். அந்த நஞ்சிலிருந்தே மருந்து செய்யப்படுகின்றது.

வேடர் குலம் என்றதும் உங்கள் நெஞ்சம் காளத்திக்குப் போய்விட்டது, அடியேனுக்குத் தெரிகின்றது. உடுப்பூர்த் திண்ணனார் விலங்கைக் கொன்று வாழ்ந்தவர். மகரிஷிகளோ பாம்பை அடிக்கவும் விடாதவர். இருவரையும் ஒரே பேச்சில் எப்படிச் சேர்ப்பது? திண்ணனார் காட்டை நன்கு அறிந்தவர். எந்தப் புதரில் எது படுத்திருக்கும், எது இரவில் இறங்கும் என்பதெல்லாம் அவருக்குப் பிள்ளைப் பருவப் பாடம். தமக்காக அவர் அவற்றுக்கு அஞ்சியதே இல்லை. காளத்தி மலைமேல் குடுமித்தேவர் தனியே இருக்கக் கண்ட அன்றைக்குத்தான் அஞ்சினார். ஐயோ, இந்த மலையில் கொடிய விலங்குகள் உலவுமே, இவருக்குத் துணை யார் என்று உருகினார்! நாகத்தைக் கழுத்தில் அணிந்தவருக்குத் துணையாம். புலித்தோலை உடுத்தவருக்குக் காவலாம். சாத்திரம் அறிந்தவர் கேட்டால் நகைப்பார். அன்று இரவு முழுதும் கண் இமையாமல், கையில் வில்லேந்தி, மலைபோல் அசையாது நின்றார் திண்ணனார்.

பொழுது புலர்ந்தது. தேவரை வணங்கி, அவருக்கு உணவு தேடி வேட்டைக்குப் புறப்பட்டார். அவர் மலையிறங்கிய பின் சிவகோசரியார் பூக்கூடையோடு வருகின்றார். அதனை நாளை மாலை விரிவாகக் காண்போம். தீபாராதனை மணி ஒலிக்கின்றது, எழுந்து நிற்போமாக.

திருச்சிற்றம்பலம்.