அழைக்கப்படாத ஒருவர்



பத்தாம் ஆண்டு விழாவில் 'கூடுதல்' பற்றிப் பேசப் பணித்தீர்கள். கூடுவதையே கல்வியின் ஒரு பகுதியாக்கிக்கொண்ட ஓர் ஏற்பாட்டிலிருந்து இரண்டு காட்சிகளைச் சொல்ல விரும்புகிறேன்.

1902இல் மறைந்த செசில் ரோட்ஸ், ஆப்பிரிக்கச் சுரங்கங்களில் குவித்த செல்வத்தை ஆக்ஸ்போர்டு கல்வி உதவித்தொகைக்கு எழுதிவைத்தார். ஏட்டறிவு மட்டும் போதாது, தலைமைப் பண்பும் வேண்டும் என்றார். பல நாட்டு இளைஞர் ஒன்றாக வாழ்ந்து பழகினால் போர் ஒழியும் என்றும் நம்பினார். 1914இல் போர் வந்தது. ஆயினும் கூடிப் பழகும் வழக்கம் நின்றுவிடவில்லை.

அமெரிக்க மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே கப்பலில் இங்கிலாந்து செல்வது மரபாயிற்று. 1968 அக்டோபரில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்னும் கப்பலில் சென்றவர்களுள் ராபர்ட் ரைஷ் என்ற மாணவர் கடல் மயக்கத்தால் படுத்துவிட்டார். அறைக் கதவு தட்டப்பட்டது. கோழிச் சூப்பும் பிஸ்கட்டும் ஏந்தி நின்றவர் சக மாணவர் பில் கிளின்டன். 1993இல் கிளின்டன் குடியரசுத் தலைவரானபோது ரைஷ் அவருடைய தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்தக் கோப்பையை அவர் மறக்கவில்லை. பின்னாளில் எழுதியும் வைத்தார். தலைமை பற்றிய சொற்பொழிவு கற்பிக்காததை ஒரு கோப்பை சூப்பு கற்பித்துவிடுகிறது.

இனி மற்றொரு காட்சி. 1907. அவ்வுதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கரான அலைன் லாக் ஆக்ஸ்போர்டு வந்து சேர்ந்தார். நவம்பரில் நன்றி கூறும் நாள் விருந்து. அங்கிருந்த அமெரிக்க மாணவர்கள் கூடி உண்டார்கள். லாக்குக்கு மட்டும் அழைப்பில்லை. இனத்தின் பெயரால் எவரையும் விலக்கலாகாது என்று உயிலில் எழுதியிருந்தது. உணவு மேசையில் அது செல்லவில்லை. ஹொரேஸ் காலன் என்ற நண்பர் ஒருவர், லாக் இல்லாத விருந்து தமக்கும் வேண்டாம் என்று போகாதிருந்தார்.

நண்பர்களே, அந்த இரவில் தலைமைப் பண்பு எங்கே இருந்தது? விருந்து மண்டபத்திலா, அங்கே போக மறுத்தவரிடமா?

அழைப்புப் பெறாத லாக், 1925இல் 'தி நியூ நீக்ரோ' என்னும் தொகுப்பை வெளியிட்டார். லாங்ஸ்டன் ஹியூஸ், கவுன்ட்டி கல்லன், கிளாட் மெக்கே முதலிய கவிஞர்களின் குரல்கள் ஒரே நூலில் ஒலித்தன. தமக்கு இடம் தராத மேசையை நினைந்து அவர் மனம் கசந்தாரோ என்னவோ; பிறர் அமர்வதற்கு ஒரு மேசையைச் செய்து வைத்தார். அமெரிக்காவிலிருந்து அடுத்த கறுப்பின மாணவர்கள் அவ்வுதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு செல்ல 1963 வரை ஆயிற்று. பெண்களுக்கு 1977இல்தான் வழி திறந்தது. அதுவரை அக்கப்பல்களில் வளர்ந்த நட்பெல்லாம் பாதி உலகத்தைக் கரையில் நிறுத்திவிட்டு வளர்ந்த நட்பே.

இன்று உதவித்தொகை மாணவர்களுக்குத் தலைமைப் பயிலரங்குகளும் கூட்டுச் சுற்றுலாக்களும் உலகெங்கும் நடக்கின்றன, நடக்கட்டும். அவற்றை நடத்துவோர் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டே: நம்மில் சோர்ந்து கிடப்பவர் யார்? நாம் அழைக்க மறந்தவர் யார்?

பத்தாண்டு கூடிய நமக்கும் இக்கேள்விகள் உரியவை. நாம் படித்த கவிதைகளை மலர் சொல்லும். இடையில் வராமல் நின்றுபோனவர்களை மலர் சொல்லாது. அடுத்த கூட்டத்திற்கு முன் அவர்களுள் ஒருவர் வீட்டுக் கதவையேனும் நாம் தட்டுவோமாக.