மாதா கெபியும் மாணவியின் சித்திரமும்



ஈப்போவை அடுத்த குனோங் ராபாட் வட்டாரத்தில் வாழ்வோருக்கு வழிபாட்டுத் தலங்கள் புதியவை அல்ல. சுண்ணாம்புக் குன்றின் குகைகளில் சாம் போ தோங், கெக் லோக் தோங் ஆகிய சீனக் கோயில்கள் இருக்கின்றன. ரப்பர்த் தோட்டங்களிலோ, லயங்களின் ஒரு கோடியில் மாரியம்மன் கோயில் இருக்கும். கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்ந்த இடமானால் மறு கோடியில் ஒரு சிறு மாதா கெபியும் இருக்கும். இத்தகைய எளிய பக்திப் படைப்புகளிடம் ஓவியர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதை இன்று காண்போம்.

முதலில் நாம் செய்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து, தோட்டப் பள்ளியில் பணியேற்ற புதிது. சித்திரப் பாடத்தில், “நீங்கள் வணங்கும் இடத்தை வரையுங்கள்” என்றோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கெபியை வரைந்தாள். மாதாவுக்குச் சிவப்புக் கரை போட்ட மஞ்சள் சேலை. கழுத்தில் கதம்ப மாலை. மேலே வேப்பிலைத் தோரணம். பக்கத்தில் ஒரு சிறு தொட்டில்.

1858-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லூர்து நகரில் பெர்னதெத் என்னும் சிறுமி, வெள்ளை அங்கியும் நீலக் கச்சையும் அணிந்த மாதாவைக் கண்டதாகக் கூறினாள். ஈப்போ சிலிபினில் உள்ள ஆலயமும் லூர்து மாதாவின் பெயரைக் கொண்டதே. அந்த வெள்ளை உடைச் சுரூபமே நம் மனத்தில் இருந்தது. “மாதாவை இப்படியா வரைவது? தொட்டில் எங்கிருந்து வந்தது? அழித்துவிட்டுச் சரியாகப் போடு” என்றோம். பிள்ளை ஒன்றும் பேசாமல் அழித்தாள்.

மறுநாள் மாலை அவளுடைய பாட்டி வந்தார். பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கைகள். “ஐயா, பிள்ளை இல்லாததை வரையலைங்க. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க” என்றார். போனோம். கல்லும் சிமெண்டும் கொண்டு லயத்து மக்களே எழுப்பிய கெபி. பாட்டியின் பழைய கூறைச் சேலையில் வெட்டிய துண்டு மாதாவுக்கு உடையாகி இருந்தது. ஓரத்தில், உள்ளங்கை அளவில், ஒரு மரத் தொட்டில் தொங்கியது. “எம் மகளுக்கு மூணு தங்கலைங்க. நாலாவதா நேர்ந்துகிட்டுப் பொறந்தவதான் இவ. அந்த நேர்த்திக்கடன்தான் இந்தத் தொட்டில்” என்றார் பாட்டி. நாம் அழிக்கச் சொன்னது அந்தப் பிள்ளை பிறந்த கதையை!

மாதாவுக்குச் சேலை கட்டுவது அறியாமையா? தமிழ்நாட்டில், நாகப்பட்டினத்தை அடுத்த வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதா சேலை அணிந்தே காட்சி தருகிறார். நோய் நீங்கியவர்கள் கண், கை, கால் வடிவில் வெள்ளியில் செய்து அங்கே காணிக்கை செலுத்துகிறார்கள். எவரும் பாடம் நடத்தி வந்த வழக்கம் அல்ல இது. தாய் என்றால் தம் வீட்டுத் தாயைப் போல் இருப்பாள் என்று மக்கள் கண்டார்கள், அவ்வளவுதான்.

கோவாவில் பிறந்த கத்தோலிக்க ஓவியர் ஆஞ்செலோ ட ஃபொன்சேகா (1902–1967). சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் போன்றோரிடம் பயின்றவர். மாதாவைச் சேலை கட்டிய இந்தியப் பெண்ணாக அவர் வரைந்தபோது, கோவாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர் ஊரை விட்டுப் புனே நகரின் ஆசிரமம் ஒன்றுக்குச் சென்று, அங்கிருந்தே வரைந்தார். நம் கையில் இருந்ததைப் போன்ற சிவப்புப் பென்சில் அவருக்கு எதிராகவும் நீண்டது எனலாம்.

இனி, தூரத்து மெக்சிக்கோவைப் பார்ப்போம். அங்கே ஆபத்திலிருந்து தப்பியவர், சிறு தகரத் தகட்டில் ஒரு படம் வரையச் செய்து கோயிலில் மாட்டுவார். நடுவே நிகழ்ச்சி, மேலே மேகத்தில் மாதாவோ புனிதரோ, அடியில் நன்றி சொல்லும் சில வரிகள். வரைந்தவர்கள் பெரும்பாலும் கலைப் பள்ளி காணாதவர்கள். ஃபிரிடா காலோ (1907–1954) என்னும் ஓவியர் இத்தகைய தகடுகளை நூற்றுக்கணக்கில் சேர்த்தார். அவர் பொதுவுடைமைக் கொள்கையினர். பக்தியினால் சேர்த்தவர் அல்லர். ஒரு மனிதரின் துன்பத்தை ஒளிக்காமல் ஒரு சாண் தகட்டில் சொல்லும் நேர்மையே அவரைக் கவர்ந்தது. 1932-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மருத்துவமனையில் அவருடைய கரு கலைந்தது. அந்தத் துயரத்தை அவர் உலோகத் தகட்டின் மேல், அந்த நாட்டுப்புற முறையை ஒட்டியே வரைந்தார். மாதா இல்லாத நேர்த்திப் படம் அது. அந்தப் படத்தைப் பற்றிப் படித்தபோது நமக்குப் பாட்டியின் மூன்று விரல்களே நினைவுக்கு வந்தன.

சில ஆண்டுகளில் அந்தத் தோட்டம் கைமாறியது. லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பல இடங்களுக்குப் பிரிந்தன. சுரூபத்தை ஒரு வீட்டார் எடுத்துச் சென்றார்கள். கெபி இப்போது இல்லை. அதை உள்ளபடி காட்டிய படம் ஒன்றே ஒன்று, பள்ளிக் கோப்பில் இருந்தது. எடுத்துப் பார்த்தோம். வெள்ளை அங்கி மாதா நிற்கிறார். அருகே தொட்டில் இருந்த இடத்தில் அழிப்பான் தேய்த்த தடம் மட்டுமே இருக்கிறது.

ஆகவே பெற்றோரையும் ஆசிரிய நண்பர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். கெபியோ மாரியம்மன் கோயிலோ முனியாண்டி மேடையோ, பிள்ளைகள் கண்டதைக் கண்டபடி வரையட்டும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, படத்தின் கீழே இரண்டு வரி எழுதட்டும். ஊரும் ஆண்டும் குறிக்கட்டும். திருத்துவதற்கு முன் நாம் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வருவோம்.