வண்டியில் போனால் ஊர் வராது!

நடுவர் அவர்களே! காரை விட்டு இறங்க மனமில்லாமல் எதிரணியில் அமர்ந்திருக்கும் என் அன்பு நண்பர்களே! தொலைக்காட்சி முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

ஓர் ஊரை நமக்குக் காட்டுவது வண்டியா, காலா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் சொன்னார்: "கார்ல போனா ஒரே நாள்ல ஏழு ஊர் பாத்துரலாம்." ஐயா! நீங்க பாத்தது ஏழு ஊரா, ஏழு ஊரோட பெயர்ப்பலகையா? (சிரிப்பு)

நானும் அப்படிப் போனவன்தான். ஒருமுறை கல்லூரி மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போனேன். கோட்டை வாசலில் இறங்கினோம். படம் எடுத்தோம். "பாத்தாச்சா? ஏறு!" முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டோம். தரங்கம்பாடியைப் பார்த்துவிட்டதாகப் பல வருஷம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

பிறகு ஒருநாள் மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். முடிந்ததும் என் மனைவியோடு பஸ் ஏறித் தரங்கம்பாடியில் இறங்கினேன். அவளுக்கு மூட்டு வலி. நானோ வேகமாக நடப்பவன். நம்ம வீடுகளில் வழக்கம் என்ன? கணவன் முன்னால் போவான், மனைவி பத்தடி பின்னால் வருவாள். கல்யாணத்தன்று ஏழு அடி சேர்ந்து நடந்ததோடு சரி! எட்டாவது அடியிலிருந்து நான் முன்னால, அவ பின்னால! (கைதட்டல்)

அன்றைக்கு அது நடக்கவில்லை. "மெதுவாத்தான் வருவேன்"னு சொல்லிட்டா. 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய நகர வாசலுக்குள் நுழைந்தோம். அங்கிருந்து ராஜவீதி நேராகக் கடலுக்குப் போகிறது. எனக்குப் பத்து நிமிஷ நடை. அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஆனது!

ஆனால் நடுவர் அவர்களே, அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஊர் எங்களிடம் வந்தது. தடித்த சுவர்கள், உயரமான சன்னல்கள், தூண் வைத்த பழைய வீடுகள். ஹாரன் சத்தம் இல்லை. பாதித் தெருவிலேயே கடல் சத்தம் கேட்டது. வேனில் வந்தபோது அது கேட்கவில்லை. பாட்டுதான் கேட்டது!

1701-ல் கட்டிய சீயோன் தேவாலயம். சற்றுத் தள்ளி 1718-ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். அங்கே நிழலில் உட்கார்ந்தோம். சும்மா இருப்பேனா நான்? வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். "இங்கதான் சீகன்பால்கு அடக்கம் ஆகியிருக்கார். ஜெர்மனியில பிறந்தவர். 1706-ல வந்து இறங்கினார். சின்னப் பிள்ளைகளோட தரையில உக்காந்து, மணல்ல விரலால எழுதித் தமிழ் படிச்சார். 1715-ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சுட்டார்!"

என் மனைவி முனைவர் பட்டம் வாங்கியவள் இல்லை. அவள் சொன்னாள்: "அவர் உக்காந்தாருங்க. அதான் மொழி வந்துச்சு. நின்னுகிட்டே கேட்டுட்டுப் போயிருந்தா வந்திருக்குமா?"

இத்தனை வருஷம் நான் நடத்திய பாடத்தை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்! (கைதட்டல்)

தெருமுனைக்கு வந்தோம். ஒரு பக்கம் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுத்து டேனிஷ்காரர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை. இன்னொரு பக்கம் 1306-ல், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டை கட்டியவர்கள் 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இருந்தவர்கள் யார்? அந்த ஊர் மக்கள்!

கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, என் மனைவி நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "உக்காரு தாயி"ன்னு தண்ணி கொடுத்தாங்க. பேச்சு வளர்ந்தது. 2004 சுனாமிக்கு வந்தது. தண்ணீர் எதுவரைக்கும் ஏறியது என்று கையைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தக் கை கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை.

தரங்கம் என்றால் அலை. இது எனக்கு அகராதி சொன்னது. அந்த அலை என்ன செய்யும் என்பதை அந்த அம்மாதான் சொன்னார்கள். எதிரணி நண்பர்களே! கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவருக்கு இதைச் சொல்வது யார்?

பொழுது சாய்ந்தது. திரும்பி நடக்கும்போது என் மனைவி சொன்னாள்: "இருபத்தெட்டு வருஷத்துல இன்னிக்குத்தாங்க நீங்க என் கூட நடந்திருக்கீங்க."

பேசுவதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். எனக்குப் பதில் வரவில்லை.

நடுவர் அவர்களே! உங்கள் கை மணியை நோக்கிப் போகிறது. முடித்துவிடுகிறேன். வண்டி நம்மை ஊரில் கொண்டுபோய் இறக்கும், மறுக்கவில்லை. இறங்கின பிறகு நம்ம அவசரத்துக்கு நடந்தால் தெரு மட்டும்தான் தெரியும். கூட வருகிறவர்களில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் காலுக்கு நம் காலைக் கொடுத்துப் பாருங்கள். ஊரும் தெரியும், உடன் வருகிறவரும் தெரிவார். ஆகவே காலே என்று தீர்ப்புச் சொல்லுங்கள்!