தாதியர் கல்வி: செலவும் பயனும்



அக்கரைப்பற்றிலே பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும், குடும்பங்களிலே கணக்குப் பார்க்கும் காலம் தொடங்கிவிடும். உரக்கடைக் கடன் இவ்வளவு, அறுவடை இயந்திரக் கூலி இவ்வளவு, மூத்த மகளுக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டின் கூரைக்கு இவ்வளவு என்று தகப்பன் பங்கிட்டுக்கொண்டிருக்கும் வேளையிலே, இளையவள் வந்து, "வாப்பா, நான் தாதிப் படிப்புக்குப் போகப்போறன்" என்று சொன்னால், அந்தக் கணக்கிலே புதிய வரியொன்று சேர்ந்துவிடுகின்றது. எவ்வளவு செலவாகும்? எவ்வளவு திரும்பி வரும்? இவ்விரு கேள்விகளையும் அவர் கேட்பது குற்றமன்று. கல்வியைக் காசால் அளக்கலாகாது என்பது அழகிய வாக்கியந்தான். ஆயினும், வயற்காணியை ஈடு வைக்க எண்ணும் மனிதருக்கு அது விடையாகாது.

முதலாவதாக, தாதியாவதற்கு நமது நாட்டிலே மூன்று வழிகள் உள்ளன என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். ஒன்று, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இத்தகைய கல்லூரிகள் உண்டு. பயிற்சி மூன்று ஆண்டுகள், கட்டணம் இல்லை, பயிலுங் காலத்திலேயே மாதந்தோறும் படி வழங்கப்படுகின்றது. பயிற்சி முடிந்ததும் அரசாங்க வைத்தியசாலையில் நியமனம் கிடைக்கும். அதற்கு ஈடாக, குறித்த காலம் சேவை செய்வதாக உடன்படிக்கை எழுதிக்கொடுக்க வேண்டும். இரண்டாவது, பல்கலைக்கழகப் பட்டம். கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நான்கு ஆண்டுத் தாதியியல் பட்டப்படிப்பு உண்டு. இங்கும் கட்டணமில்லை, 1945 ஆம் ஆண்டிலே வந்த இலவசக் கல்வியின் நிழல் இதுவரை நீள்கின்றது. மூன்றாவது, கட்டணம் பெறும் தனியார் நிறுவனம். தகப்பனின் தலையைச் சுற்றவைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியே.

இதன் கணக்கை எவ்வாறு பார்ப்பது? கட்டணத்தை மட்டும் எழுதினால் கணக்கு நிறைவாகாது. விடுதி, பிரயாணம், சீருடை, புத்தகம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். கடன் வாங்கினால் வட்டியையும் எழுத வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, படிக்கும் ஆண்டுகளிலே வேறு தொழில் செய்து உழைத்திருக்கக்கூடிய பணத்தையும் எழுத வேண்டும். முறையை விளக்குவதற்காக மட்டும் ஓர் உதாரணம் கொள்வோம். கட்டணம் 12 இலட்சம் ரூபா. ஏனைய செலவு 4 இலட்சம். மாதம் 30,000 ரூபா வீதம் 36 மாதங்களில் இழந்த உழைப்பு 10 இலட்சத்து 80,000 ரூபா. ஆக மொத்தம் 26 இலட்சத்து 80,000 ரூபா. படித்தபின், படிக்காதிருந்தால் பெறக்கூடியதைவிட மாதம் 40,000 ரூபா கூடுதலாகக் கிடைத்தால், போட்ட முதல் திரும்பிவர 67 மாதங்கள் ஆகும். அதாவது ஐந்து ஆண்டுகளும் ஏழு மாதங்களும். கூடுதல் வருவாய் 20,000 ரூபாவேயானால் அக்காலம் இருமடங்காகும். எனவே, கட்டணம் எவ்வளவு என்பதிலும் பார்க்க, படித்தபின் வருவாய் எவ்வளவு கூடும் என்பதே முக்கியமான கேள்வியாகும்.

அந்தக் கூடுதல் வருவாய் எதில் தங்கியுள்ளது? பதிவில் தங்கியுள்ளது. 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் சபையிலே பதிவு பெற வழிசெய்யாத சான்றிதழ், சுவரிலே தொங்குவதற்கு மட்டுமே உதவும். பணம் கட்டுவதற்கு முன்னர், இப்படிப்பைச் சபை ஏற்கின்றதா, மாணவியர் எந்த வைத்தியசாலையிலே நோயாளர் அருகில் நின்று பயில்கின்றனர், முன்னர் பயின்றவர்கள் இன்று எங்கே வேலை செய்கின்றனர் என்று மூன்று கேள்விகளைக் கேட்டறிய வேண்டும். விடை சொல்லத் தயங்கும் நிறுவனத்துக்குக் காணியை ஈடு வைத்துப் பணம் கட்டுவது அறிவுடைமையன்று.

இவ்விடத்தில் அமெரிக்க நாட்டின் அனுபவம் ஒன்று நமக்கு உதவும். மில்ட்ரெட் மொண்டாக் என்னும் அம்மையாரின் திட்டப்படி, 1952 ஆம் ஆண்டிலே அங்குள்ள சமூகக் கல்லூரிகள் சிலவற்றில் இரண்டாண்டுத் தாதியர் கல்வி பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பெற்றது. இன்று அக்கல்லூரிகளிலே குறைந்த செலவில் பயின்றவரும், பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு பயின்றவரும் ஒரே உரிமப் பரீட்சைக்கே தோற்றுகின்றனர். நோயாளியின் கட்டிலருகே செல்லும் வாயில் இருவருக்கும் ஒன்றே. ஆயினும், நிருவாகம், போதனை, ஆராய்ச்சி முதலிய மேற்படிகளை ஏறப் பட்டம் துணையாகின்றது. நமது நாட்டிலும் இவ்வாறே, முதலில் தொழிலில் அமர்ந்து பின்னர் பட்டம் பெறலாம். திறந்த பல்கலைக்கழகம் பணியாற்றும் தாதியருக்காக 1994 முதல் பட்டப்படிப்பை நடத்தி வருகின்றது. உழைத்துக்கொண்டே ஏறும் படி, கடன்பட்டு ஏறும் படியைவிட உறுதியானது.

வெளிநாட்டு ஆசையும் இந்தக் கணக்கிலே புகுந்துகொள்கின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவரை உயர்ந்தது. வெளிநாட்டுச் சம்பளம் நம்மவர் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால், அங்கு செல்வதற்கும் பதிவு வேண்டும். அந்தந்த நாட்டின் பரீட்சை வேண்டும். ஆங்கில அறிவு வேண்டும். வைத்தியசாலை அனுபவமும் வேண்டும். பயிற்சி முடிந்த மறுநாளே விமானம் ஏறலாம் என்று எவரேனும் சொல்வாராயின், அவருடைய பேச்சை நிறுத்துப் பார்ப்பது நன்று.

இனி, காசிலே எழுத முடியாத வரிகளும் சில உள்ளன. இரவுக் கடமை, தூர ஊருக்கு நியமனம், கலியாணப் பேச்சு ஆகிய மூன்றுமே உம்மாவின் கவலைகள். அவை பொய்யான கவலைகளல்ல. ஆயினும், பெண் நோயாளி ஒருத்தி தன்னைப் பராமரிக்கத் தன் மொழி பேசும் பெண்ணொருத்தி வேண்டும் என்று விரும்புகின்றாளே, யாரோ ஒருவருடைய மகள் வீட்டைவிட்டுச் சென்று பயின்றாலன்றோ அவ்விருப்பம் நிறைவேறும்? நபிகளார் காலத்து மதீனாவிலே காயமுற்றோருக்குக் கூடாரம் அமைத்துச் சிகிச்சை செய்த ருபைதா அம்மையாரை இஸ்லாமிய வரலாறு போற்றுகின்றது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, கடல் பொங்கி அம்பாறைக் கரையோரத்திலே பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன அன்று, பயிற்சி பெற்ற கைகளின் விலை என்னவென்று இக்கரையோரம் முழுவதும் அறிந்தது.

ஆகவே, அந்தத் தகப்பன் செய்யத்தக்கது யாது? வர்த்தமானியில் விண்ணப்பம் கோரப்படும் நாளைக் கவனித்து, முதலில் அரசாங்க வழிகள் இரண்டையும் மகள் முயன்று பார்க்கட்டும். அவை கைகூடாவிடின், பதிவுக்கு வழிசெய்யும் தனியார் நிறுவனத்தை மட்டும் ஆராயட்டும். கணக்கைத் தாம் ஒருவராக எழுதாமல், மகளையும் அருகே இருத்தி எழுதட்டும். செலவைத் தந்தையும், உழைப்பை மகளும் அறிந்து ஒப்புக்கொண்ட கணக்கு பெரும்பாலும் பிழைப்பதில்லை.